ஷாட்: ஆடுகளத்திலும் படப்பிடிப்புத் தளத்திலும் ஒரே சொல்

‘ஷாட்’ என்றால் என்ன என்று கேட்டால், கிரிக்கெட் பார்ப்பவர் கையில் மட்டை இருப்பதுபோல் வீசிக் காட்டுவார். படம் எடுப்பவர் இரு கைவிரல்களையும் சேர்த்துக் கண்ணுக்கு முன்னால் ஒரு சட்டம் கட்டிக் காட்டுவார். இருவரும் சொல்வது சரிதான். ஆனால் ஒருவர் காட்டியதை வைத்து மற்றவரின் ஷாட்டைப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பமே மிஞ்சும். திரைப்படக் கலையைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்கள் முதல் வாரத்திலேயே தடுமாறும் சொற்களில் இது முதன்மையானது. விளையாட்டைப் பல ஆண்டுகளாகப் பார்ப்பவர்களோ அதற்கு ஒரு வரையறை உண்டு என்றே நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவது எளிது. எய்தல், சுடுதல், விசையோடு எறிதல் ஆகிய பொருள்களைக் கொண்ட பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் இது. அம்பு, பிறகு துப்பாக்கி, பிறகு குறியை நோக்கிச் செலுத்தப்படும் பந்து என விளையாட்டுக்குள் அது நுழைந்த பாதை நேரானது. கேமராவுக்கு வந்த பாதை சற்று வளைந்தது. குறிபார்க்க நேரமில்லாமல் சட்டென்று சுடுவதை வேட்டைக்காரர்கள் ‘ஸ்னாப் ஷாட்’ என்றார்கள். ஜான் ஹெர்ஷல் என்ற அறிவியலாளர் 1860-இல் அந்தச் சொல்லை நொடிப்பொழுதில் எடுக்கப்படும் ஒளிப்படத்துக்குப் பயன்படுத்தினார். 1882-இல் பிரான்சைச் சேர்ந்த எட்டியென் ஜூல் மாரே, பறவைகள் பறப்பதை ஆராய்வதற்காக, நொடிக்கு 12 படங்கள் எடுக்கக்கூடிய ஒரு கருவியைச் செய்தார். அதற்குத் துப்பாக்கியின் வடிவமே இருந்தது. தோளில் வைத்து, குறிபார்த்து, விசையை அழுத்த வேண்டும். கேமராவும் துப்பாக்கியும் ஒரே வினைச்சொல்லைப் பங்கிட்டுக்கொண்டதில் வியப்பில்லை. தமிழ் இந்த இடத்தில் வேறு வழியில் போனது என்பதையும் சொல்லத் தோன்றுகிறது: நாம் படத்தைச் சுடுவதில்லை, பிடிக்கிறோம். ‘படப்பிடிப்பு’ என்ற சொல்லில் ஏவுதல் இல்லை, கைப்பற்றுதல்தான் இருக்கிறது. ஆயினும் படப்பிடிப்பின் அடிப்படை அலகுக்கு மட்டும் ‘ஷாட்’ என்ற சொல்லையே வைத்துக்கொண்டோம்.

முதலில் திரைப்படத்தின் ஷாட்டைப் பார்ப்போம். கேமரா ஓடத் தொடங்கிய கணத்திலிருந்து நிறுத்தப்படும் கணம்வரை இடைவெளியின்றிப் பதிவான துண்டு ஒரு ஷாட். அது இரண்டு நொடியாகவும் இருக்கலாம், இருபது நிமிடமாகவும் இருக்கலாம். கேமரா அசையாமல் நிற்கலாம், தண்டவாளத்தின்மேல் நகரலாம், பாத்திரத்தின் பின்னாலேயே ஓடலாம். இவை எதுவும் ஷாட்டின் எண்ணிக்கையை மாற்றுவதில்லை. கேமரா நகர்ந்தால் அடுத்த ஷாட் வந்துவிட்டது என்று நினைப்பது தொடக்கத்தில் பலரும் செய்யும் தவறு. பதிவு அறுபடாத வரையில் அது ஒரே ஷாட்தான். 1895-இல் திரைப்படத்தின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் எடுத்த முதல் படங்கள் ஒவ்வொன்றும் ஒரே ஷாட்டால் ஆனவை. கருவிக்குள் அடங்கிய சுமார் 17 மீட்டர் ஃபிலிம் ஏறத்தாழ 50 நொடிகளில் தீர்ந்துவிடும். ஃபிலிம் தீர்ந்தால் ஷாட்டும் தீர்ந்தது, படமும் தீர்ந்தது. அந்நாளில் ஷாட் என்பதற்கும் படம் என்பதற்கும் வேறுபாடு கிடையாது. ஒரு துண்டுக்குப் பின்னால் இன்னொரு துண்டை ஒட்டிக் கதை சொல்லலாம் என்று கண்டுபிடித்த பிறகுதான், துண்டைத் தனியாகக் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது.

ஒரு சிறிய எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம். வீடு திரும்பும் ஒரு பெண், கதவுக்கடியில் கிடக்கும் கடிதத்தை எடுத்துப் படிக்கிறாள். இயக்குநர் கேமராவை முதலில் வீட்டு நடைவழியின் மறுகோடியில் வைக்கிறார். அவள் கதவைத் திறந்து, குனிந்து, கடிதத்தை எடுக்கும் வரை முழு உருவமும் தெரிகிறது. கேமரா நிறுத்தப்படுகிறது. அடுத்து அவள் விரல்கள் உறையைக் கிழிப்பது மட்டும் திரை நிறையத் தெரியும்படி எடுக்கிறார். மூன்றாவதாக, உறையைக் கிழிக்கக் குனிந்த முகத்தில் தொடங்கி, படித்து முடித்து அவள் நிமிரும்வரை முகத்தை மட்டும் எடுக்கிறார். மூன்று முறை கேமரா ஓடியது. எனவே மூன்று ஷாட்கள். மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே நிகழ்வாக நடப்பதால் அவை சேர்ந்து ஒரு காட்சி, அதாவது ‘சீன்’. இதையே கேமராவை நடைவழியின் கோடியிலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டுபோய் அவள் முகத்தில் நிறுத்தி, இடையில் அறுக்காமல் எடுத்திருந்தால், அந்தக் காட்சி ஒரே ஷாட்டில் முடிந்திருக்கும்.

இப்போது படத்தொகுப்பாளரின் மேசைக்கு வருவோம். அவர் முதல் ஷாட்டை வைக்கிறார். அடுத்து மூன்றாவது ஷாட்டிலிருந்து குனிந்த முகத்தைச் சிறிது வைக்கிறார். நடுவில் விரல்கள் உறையைக் கிழிக்கும் ஷாட்டை நுழைக்கிறார். மீண்டும் முகத்துக்கே திரும்புகிறார். கேமரா எடுத்தது மூன்று ஷாட்; திரையில் பார்ப்பவர் எண்ணினால் நான்கு. முகத்தின் ஷாட் இரண்டாக அறுபட்டுவிட்டது. ஆகவே திரைப்படத்தில் ஷாட் என்பதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு: படப்பிடிப்பில் கேமராவின் தொடக்கமும் நிறுத்தமும், முடிந்த படத்தில் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடைப்பட்ட நீளம். ஒரு படத்தில் எத்தனை ஷாட் என்று விமர்சகர் பேசும்போது இரண்டாவதைச் சொல்கிறார். இன்று எத்தனை ஷாட் முடிந்தது என்று படப்பிடிப்பில் கேட்கும்போது முதலாவதைக் கேட்கிறார்கள். பாடநூல்கள் இந்த வேறுபாட்டை ஒரே வரியில் கடந்துவிடுவதுதான் தொடக்கநிலைக் குழப்பத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

‘டேக்’ என்பதையும் இங்கேயே பிரித்துவிடுவது நல்லது. திட்டமிட்ட ஷாட் ஒன்று. அதை எடுக்கச் செய்யும் முயற்சி ஒவ்வொன்றும் ஒரு டேக். நடிகர் வசனத்தை மறந்தாலும், ஒலிவாங்கி சட்டத்துக்குள் எட்டிப் பார்த்தாலும், ‘ஒன் மோர்’ என்ற குரல் எழும். ஷாட் எண் மாறாது, டேக் எண் மட்டும் ஏறும். கிளாப் பலகையில் காட்சிக்கும் ஷாட்டுக்கும் டேக்குக்கும் தனித்தனி எண்கள் எழுதுவது இதற்காகத்தான். இந்த வேறுபாட்டை ரஷ்ய இயக்குநர் அலெக்சாண்டர் சொகுரோவின் ‘ரஷ்யன் ஆர்க்’ படத்தைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். 96 நிமிடங்கள் ஓடும் அந்தப் படம் முழுவதும் ஒரே ஷாட். 2001 டிசம்பர் 23 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் அது எடுக்கப்பட்டது. முதல் மூன்று முயற்சிகளும் இடையில் தடைபட்டு, நான்காவதுதான் இறுதிவரை சென்றது. ஆக, ஷாட் ஒன்று, டேக் நான்கு. ஃபிலிம் காலத்தில் இப்படி எடுக்க வழியே இல்லை. ஆயிரம் அடி ஃபிலிம், நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள், என்ற வேகத்தில் ஓடினால் சுமார் 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். 1948-இல் ‘ரோப்’ படத்தை நீண்ட ஷாட்களால் எடுத்த ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக், ஃபிலிம் சுருளை மாற்ற வேண்டிய சில இடங்களில் கேமராவை ஒருவரின் முதுகுக்கு மிக அருகே கொண்டுபோய்த் திரையை இருட்டாக்கி, வெட்டை மறைத்தார்.

சட்டத்துக்குள் மனித உடல் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து லாங் ஷாட், மிட் ஷாட், குளோசப் என்றும், எத்தனை பேர் என்பதை வைத்து டூ ஷாட் என்றும், கேமரா எங்கிருந்து பார்க்கிறது என்பதை வைத்து லோ ஆங்கிள், டாப் ஆங்கிள் என்றும் பெயர்கள் அமைகின்றன. இவை பழகினால் வந்துவிடும். மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

விளையாட்டுக்குள் நுழைந்தால் வரையறையின் மையமே இடம் மாறுகிறது. அங்கே ஷாட் என்பது பதிவு அல்ல, முயற்சி. ஓர் இலக்கை நோக்கிப் பந்தைச் செலுத்த ஆட்டக்காரர் செய்யும் ஒற்றை முயற்சிதான் ஷாட். இலக்கு கூடைப்பந்தில் வளையம், கால்பந்தில் கோல், டென்னிஸில் எதிராளியின் பகுதியில் அவர் எட்ட முடியாத ஓர் இடம், கோல்ஃபில் குழி. கிரிக்கெட்டில் அப்படி நிலையான இலக்கு எதுவும் இல்லாததுதான் அந்த விளையாட்டின் தனித்தன்மை. மட்டையாளர் தனக்கான இடைவெளியைத் தானே தேர்ந்தெடுக்கிறார். பந்தைத் தடுத்துக் காலடியில் விழச் செய்வதும் ஒரு ஷாட்டாகவே கொள்ளப்படுகிறது.

முயற்சி என்ற சொல்லுக்கு இங்கே எவ்வளவு எடை இருக்கிறது என்பதை விதிகளைப் பார்த்தால்தான் தெரியும். கிரிக்கெட்டில் பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே மட்டையாளரின் கால்காப்பில் பட்டு, இல்லாவிட்டால் ஸ்டம்பைத் தாக்கியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவர் மட்டையால் ஆட உண்மையாக முயன்றிருந்தால் எல்.பி.டபிள்யூ. முறையில் அவரை ஆட்டமிழக்கச் செய்ய முடியாது. மட்டையைத் தூக்கிக்கொண்டு காலை மட்டும் நீட்டியிருந்தால் ஆட்டமிழக்கலாம். பந்தின் பாதை ஒன்றுதான், அது பட்ட இடமும் ஒன்றுதான். ஷாட் ஆட முயன்றாரா இல்லையா என்பதே தீர்ப்பை மாற்றுகிறது. மட்டையில் படாமல் உடலில் பட்டுச் செல்லும் பந்தில் எடுக்கும் லெக் பை ஓட்டங்களுக்கும் இதே சோதனை உண்டு: மட்டையாளர் பந்தை ஆட முயன்றிருக்க வேண்டும், அல்லது அது தன்மேல் படாமல் விலக முயன்றிருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் அந்த ஓட்டங்கள் கணக்கில் சேரா. நடுவர் இங்கே தீர்மானிப்பது ஏறத்தாழ ஒரு மனிதரின் மனத்தில் இருந்ததை.

கோல்ஃப் இதில் இன்னும் கறாரானது. பந்தை அடிக்கும் நோக்கத்தோடு மட்டையை முன்னோக்கி வீசிவிட்டால், அது பந்தின்மேல் படாமல் காற்றில் போனாலும் கணக்கில் ஒன்று ஏறிவிடும். அடிக்கும் நோக்கமின்றிப் பயிற்சிக்காக வீசினால் ஏறாது. கூடைப்பந்தில் வேறொரு வேடிக்கை உண்டு: வளையத்தை நோக்கி எறியும்போது எதிராளி விதிமீறி இடித்து, அதனால் பந்து உள்ளே போகாவிட்டால், அந்த எறிதல் ஆட்டக்காரரின் ஷாட் கணக்கில் சேர்வதே இல்லை, பந்து உள்ளே போய்விட்டால் சேரும். கால்பந்தில் கோல் கம்பத்தில் மோதித் திரும்பிய பந்து, கோலுக்கு அவ்வளவு அருகே சென்றும், இலக்கு நோக்கிய ஷாட்களின் பட்டியலில் இடம்பெறாது. கம்பம் இல்லாமலிருந்தால் உள்ளே போயிருக்குமே என்று ரசிகர் வாதிடலாம், புள்ளிவிவரக்காரர் கேட்பதில்லை.

இதே நோக்கத்தைத் திரைப்படத்தில் தேடினால் கிடைக்காது. ஒளிப்பதிவாளர் கேமராவை நிறுத்த மறந்து, தரையும் காலணிகளும் ஒரு நிமிடம் பதிவாகிவிட்டால் அதுவும் ஒரு ஷாட்தான். படத்தொகுப்பாளர் விரும்பினால் அதைப் படத்திலும் வைக்கலாம். மறுபுறம், விளையாட்டின் ஷாட்டை நடந்து முடிந்த பிறகு யாராலும் இரண்டாக வெட்ட முடியாது. இன்னொரு டேக்கும் கிடையாது. படப்பிடிப்பில் பதினைந்தாவது டேக்கில் சரியாக வந்த ஷாட்டைப் பார்ப்பவர் முதல் பதினான்கையும் அறியப்போவதில்லை. மட்டையாளரின் பதினைந்தாவது ஷாட் நன்றாக இருந்தது என்பதற்காக முதல் ஷாட்டில் பறிபோன விக்கெட் திரும்பி வராது.

ஷாட்டுக்குப் பக்கத்திலேயே புழங்கும் சில சொற்களையும் இங்கே பார்த்துவிடலாம். ‘ஸ்ட்ரோக்’ என்பதும் ‘ஷாட்’ என்பதும் கிரிக்கெட் பேச்சில் ஒன்றுக்கொன்று பதிலாக வருகின்றன. நுணுகிப் பார்த்தால் ஸ்ட்ரோக் கையின் வீச்சை, அதன் நேர்த்தியைச் சுட்டுகிறது, ஷாட் அந்த வீச்சோடு பந்து போன போக்கையும் சேர்த்துச் சுட்டுகிறது. கோல்ஃப் விதிநூலோ ஸ்ட்ரோக் என்பதையே எண்ணிக்கைக்கு உரிய சொல்லாக வைத்திருக்கிறது. குண்டு எறிதலின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘ஷாட்’ செயல் அல்ல, பொருள்: ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ எடையுள்ள அந்த உலோகக் குண்டே அங்கே ஷாட். தமிழில் ‘குண்டு’ என்று தனிச்சொல் இருப்பதால் அந்தக் குழப்பம் நமக்கு இல்லை. ‘கட்’ என்பதும் இரு பக்கமும் பொதுவானது. ஒரு பக்கம் ஷாட்டை முடித்துவைக்கும் கட்டளை, மறுபக்கம் ஷாட்டின் வகைகளில் ஒன்று.

விளையாட்டில் ஷாட்டுக்கென்று தனிக் கடிகாரமே வைத்திருப்பது கூடைப்பந்து. 1950 நவம்பரில் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியொன்றில், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எறியாமலே ஓர் அணி நேரத்தைக் கடத்த, ஆட்டம் 19-18 என்ற கணக்கில் முடிந்தது. இரண்டு அணியும் சேர்ந்து எடுத்தவை மொத்தம் 37 புள்ளிகள். எறியாதவரையில் ஆட்டமே இல்லை என்பதைப் பார்வையாளர்கள் உணர்ந்துவிட்டார்கள். சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் ஒரு கணக்குப் போட்டார்: விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு அணிகளும் தலைக்கு 60 வீதம் 120 ஷாட்கள் எடுக்கின்றன, ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 நொடி, வகுத்தால் ஒரு ஷாட்டுக்கு 24 நொடி. அந்த நேரத்துக்குள் அணி எறிந்தாக வேண்டும் என்று எண்ணிக் காட்டும் கடிகாரம் 1954-இல் வந்தது. ஒரு நொடித் திரைப்படத்துக்கு 24 சட்டகங்கள், கூடைப்பந்தின் ஒரு ஷாட்டுக்கு 24 நொடிகள் என்பது வெறும் தற்செயல். ஆனால் மறக்காமலிருக்க உதவும் தற்செயல்.

இரண்டு ஷாட்களும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது விளையாட்டு ஒளிபரப்பு. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து, வீச்சாளரின் கையிலிருந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை நொடி ஆகிறது. அந்த அரை நொடிக்குள் பந்து தரையில் எங்கே விழும் என்று கணித்து, முன்காலை நீட்டி, தலையைப் பந்தின் மேல் கொண்டுவந்து, மட்டையை இறக்கி, அவர் கவர் டிரைவ் ஆடுகிறார். திரைப்படக் கணக்கில் சொன்னால் அரை நொடி என்பது 12 சட்டகம். வீச்சாளருக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும் கேமரா இதைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பந்து மட்டையில் பட்டதும் ஒளிபரப்பு இயக்குநர் இன்னொரு கேமராவுக்கு வெட்டுகிறார். அது புல்லின்மேல் உருண்டோடும் பந்தைத் துரத்திக்கொண்டு எல்லைக்கோடு வரை போகிறது. மூன்றாவதாக மட்டையாளரின் முகம். நான்காவதாக மறுஒளிபரப்பு: நொடிக்கு 300 சட்டகங்கள் எடுக்கும் கேமராவின் பதிவை நொடிக்கு 25 என்ற வேகத்தில் ஓட்டினால், அரை நொடி ஆறு நொடியாக நீள்கிறது, முன்கால் தரையில் ஊன்றுவதையும், மணிக்கட்டு கடைசித் தருணத்தில் திரும்புவதையும் அப்போதுதான் கண் பார்க்கிறது.

ஆடுகளத்தில் ஒரே ஷாட். திரையில் நான்கு ஷாட்கள். மட்டையாளரின் ஷாட் எங்கே தொடங்கியது என்று கேட்டால், அவர் ஆட முடிவெடுத்த கணத்தைச் சொல்ல வேண்டும். ஒளிபரப்பின் ஷாட் எங்கே தொடங்கியது என்று கேட்டால், இயக்குநர் பொத்தானை அழுத்திய கணத்தைச் சொன்னால் போதும். சில நேரம் அந்தப் பொத்தான் அரை நொடி முந்திவிடும். பந்து மட்டையில் படாமல் விக்கெட் கீப்பரின் கையுறைக்குள் போயிருக்கும். எல்லைக்கோட்டை நோக்கிய கேமரா வெறும் புல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். அதுவும் ஒரு ஷாட்தான்.